நூற்றுக்குப் பத்து: எதற்கு மேல்?

எங்கள் ஊர்ப் பொது நூலகத்தில் மாதத்துக்கு ஒருமுறை கூடும் வாசிப்பு வட்டத்தில், நோன்புக்கு முந்திய கூட்டத்தன்று ஆயுத வியாபாரத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. காஸாவில் தொடங்கிய பேச்சு, குண்டு செய்கிற கம்பனிகளின் பங்கு விலையில் வந்து நின்றது. பல்கலைக்கழகத்தில் வணிகம் படிக்கும் தம்பி ஒருவர் எழும்பிக் கேட்டார்: "சேர், யுத்தத்துக்குச் சாமான் குடுக்கிற கம்பனி நூத்துக்குப் பத்துக்கு மேல லாபம் எடுக்கப்படாது எண்டு ஒரு சட்டம் போட்டா முடிஞ்சிதானே? ஏன் ஒருத்தரும் போடல்ல?"

உயர்தர வகுப்புக்கு முப்பது வருடம் கணக்கீடு படிப்பித்தவன் என்பதால் எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். "போட்டிருக்கிறாங்க மகன். அமெரிக்காவில, 1934இல. நீங்க சொன்ன அதே பத்துத்தான்" என்றேன். "அப்ப ஏன் சரிவரல்ல?" என்றார் அவர். அதற்கு அன்று என்னிடம் ஒழுங்கான பதில் இருக்கவில்லை. பிறகு தேடி வாசித்ததில் கிடைத்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் என் வீட்டுக் கதை ஒன்று. அது விளங்கினால் வாஷிங்டன் கதையும் விளங்கும். சுனாமிக்குப் பிறகு வீட்டைத் திருப்பிக் கட்டியபோது மேசன் இரண்டு விதமாகப் பேசினார். ஒன்று முழுக் கொந்தராத்து: இவ்வளவு காசு, வேலை முடிந்ததும் திறப்பைக் கையில் தருவேன். மற்றது: "சாமான், கூலி எல்லாம் பில்லுப்படி நீங்க குடுங்க சேர். மொத்தச் செலவுக்கு மேல நூத்துக்குப் பதினைஞ்சு எனக்கு." கணக்குத் தெரிந்த மனிதன் அல்லவா நான்? இரண்டாவதுதான் நியாயம் என்று பட்டது. அவருடைய இலாபத்துக்கு ஓர் எல்லை போட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

அத்திவாரம் மேலே வருவதற்குள் நான் போட்ட மதிப்பீடு எங்கோ போய்விட்டது. பத்து மில்லிக் கம்பி போதுமான இடத்தில் பன்னிரண்டு மில்லி. பக்கத்துக் கடையில் இருந்த மணலை விட்டுவிட்டுத் தூரத்து மணல், அதற்கு லொறிக் கூலி வேறு. என் மனைவிதான் முதலில் கண்டுபிடித்தார்: "அவர் ஏன் எப்பவும் விலை கூடின கடைக்கே போறார் எண்டு யோசிச்சீங்களா?" நான் மேலதிகமாகச் செலவழித்த ஒவ்வொரு நூறு ரூபாவுக்கும் அவருக்குப் பதினைந்து ரூபா. மேசன் ஓர் ஆணியைக்கூடக் களவெடுக்கவில்லை. பில் எல்லாம் உண்மையான பில். நான் எழுதிய ஒப்பந்தம் அவரிடம் என்ன கேட்டதோ அதைத்தான் அவர் செய்தார்.

முதலாம் உலகப் போரில் அமெரிக்க அரசாங்கம் செய்ததும் இதுதான். 1917 ஏப்ரலில் போரில் இறங்கிய நாட்டுக்குக் கப்பலும் பீரங்கியும் படை முகாமும் உடனே வேண்டும். என்ன செலவாகும் என்று எவருக்கும் தெரியாது. அதனால் செலவும் அதற்கு மேல் ஒரு வீதமும் என்று பெருமளவில் ஒப்பந்தங்கள் எழுதப்பட்டன. அந்தக் கசப்பு எவ்வளவு என்றால், பேர்ள் ஹார்பர் தாக்கப்பட்டுப் பதினொரு நாளில், 1941 டிசம்பர் 18இல் வந்த முதலாம் போர் அதிகாரங்கள் சட்டம் ஏராளமான விதிகளைத் தளர்த்திவிட்டு, இந்த ஒன்றை மட்டும் இறுக்கிக் கட்டியது: செலவின் மேல் வீதம் கணிக்கும் ஒப்பந்தம் எந்தக் காரணத்துக்காகவும் கூடாது.

ஆக, முதல் பாடம் கிடைத்துவிட்டது. பத்து வீதம் என்பது தனியாக நிற்கிற எண் அல்ல. எதற்கு மேல் பத்து? செலவுக்கு மேலா, விலைக்கு மேலா, போட்ட மூலதனத்துக்கு மேலா? செலவு எவ்வளவு என்று சொல்வது யார்? இந்தக் கடைசிக் கேள்விதான் நூறு வருடமாக இந்த விடயத்தின் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

பிரித்தானியா கண்ட வழி

பிரித்தானியா 1914இலேயே போரில் இறங்கியது. 1915 வசந்தத்தில் முன்னணிக்குப் போதிய ஷெல் கிடைக்கவில்லை என்ற செய்தி வெளிவந்து, ஆயுத உற்பத்திக்கென்றே புதிய அமைச்சு ஒன்று உருவாகி, லொயிட் ஜோர்ஜ் அதற்குப் பொறுப்பானார். அந்த வருடம் ஜூலையில் வந்த போர்த் தளபாடச் சட்டம் ஒரு கொடுக்கல் வாங்கல். தொழிலாளர்கள் வேலைநிறுத்த உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டும். பதிலுக்கு, கட்டுப்பாட்டின்கீழ் வரும் தொழிற்சாலையின் முதலாளி, போருக்கு முந்திய இலாபத்தைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எடுத்தால் மிச்சம் அரசாங்கத்துக்கு. தொழிலாளியின் கையைக் கட்டினால் முதலாளியின் பையையும் கட்டவேண்டும் என்ற ஏற்பாடு. அதே வருட இறுதியில் எல்லா வியாபாரங்களுக்குமாக மிகை இலாபத் தீர்வை 50 வீதத்தில் வந்து, 1917இல் 80 வீதமானது.

இலாபத்தை வரியாகத் திருப்பி எடுப்பது இலேசான வழி. ஆனால் அதில் ஓர் ஓட்டை உண்டு. 80 வீதம் வரியாகப் போகுமென்றால், நூறு பவுணை வீணாக்கினால் முதலாளிக்குத் தன் பையில் இருந்து போவது இருபது பவுண்தான். மிச்ச எண்பதும் அரசாங்கத்தின் காசு. விளம்பரம், அலுவலகத் தளபாடம், உறவினருக்கு உத்தியோகம் எல்லாம் மலிந்துபோகும். இரண்டாம் போரில் 1940இல் பிரித்தானியா இந்த வரியை 100 வீதமாக்கியபோது சிக்கனத்துக்கு எந்தக் காரணமுமே இல்லாமல் போனது. அடுத்த வருடமே, இருபது வீதத்தைப் போருக்குப் பின் திருப்பித் தருவோம் என்று சொல்லவேண்டி வந்தது. (நமது நாட்டிலும் 1941இல் மிகை இலாபத் தீர்வைக் கட்டளைச் சட்டம் ஒன்று இருந்தது என்பதைப் பழைய வழக்கறிக்கைகளைப் புரட்டுவோர் காணலாம்.)

வரியைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது, அந்த அமைச்சு செய்த மற்றொரு காரியம். கணக்காளர்களைக் கொண்டுவந்து தொழிற்சாலைகளின் கிரயக் கணக்கைப் பார்க்க வைத்தார்கள். அதோடு அரசாங்கமே தேசிய ஷெல் தொழிற்சாலைகளைத் தொடங்கி, ஒரு ஷெல் செய்ய உண்மையில் என்ன முடிகிறது என்று தானே செய்து பார்த்தது. அதன் பிறகு எந்த முதலாளியும் வந்து, "உருக்கு விலை ஏறிட்டு, கூலி ஏறிட்டு" என்று கையைப் பிசைய முடியாது. யுத்தம் முடிந்தபின் பாராளுமன்றத்தில் வைக்கப்பட்ட கணக்கின்படி, 18 இறாத்தல் பீரங்கி ஷெல் ஒன்று அமைச்சு தொடங்கியபோது 22 சிலிங் 6 பென்ஸ். பின்னர் 12 சிலிங். இலாபத்தை எவரும் வீதம் போட்டுக் கட்டுப்படுத்தவில்லை. கொப்பியைத் திறந்தார்கள், விலை இறங்கியது.

கப்பல் கம்பனியும் நீதிமன்றமும்

அமெரிக்காவில் அப்படி நடக்கவில்லை. அங்கே கப்பல் கட்டிய பெத்லஹேம் கம்பனிக்கும் அரசாங்கத்துக்கும் இடையிலான வழக்கை வாசித்தால் ஒரு நாவல் வாசித்த மாதிரி இருக்கும். ஒப்பந்தத்தில் ஒரு மதிப்பீட்டுச் செலவு குறிக்கப்பட்டது. உண்மைச் செலவு அதைவிடக் குறைந்தால், மிச்சத்தில் பாதி கம்பனிக்குச் சன்மானம். சிக்கனத்தை ஊக்குவிக்கிற நல்ல ஏற்பாடு போல இல்லையா? மதிப்பீட்டைப் போடுகிறபோது அதைக் கொஞ்சம் கூட்டிப் போட்டால் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். ஒரு சுண்டுவிரலை அசைக்காமலே 'சிக்கனம்' உண்டாகிவிடும். அரசாங்கத்தின் குற்றச்சாட்டு அதுதான். கம்பனியின் இலாபம் 22 வீதத்தைத் தாண்டியது.

முதல் போரின் அந்தக் கணக்கு, இரண்டாம் போர் தொடங்கியும் தீரவில்லை. சிங்கப்பூர் ஜப்பானிடம் வீழ்ந்த மறுநாள், 1942 பெப்ரவரி 16இல், உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: பணத்தைக் கம்பனிக்குக் கொடுங்கள். நீதியரசர் ஹியூகோ பிளாக் எழுதிய தீர்ப்பின் சாரம் இதுதான். அரசாங்கம் வற்புறுத்தப்பட்டுக் கையெழுத்திட்டதாகச் சொல்ல முடியாது. வேண்டுமானால் கப்பல் துறையையே எடுத்து நடத்தும் அதிகாரம் அதற்கு இருந்தது, எடுக்கவில்லை. இலாபம் அதிகம்தான், ஆனால் அதற்கு மருந்து சட்டசபையிடம் இருக்கிறதே ஒழிய நீதிமன்றத்திடம் இல்லை. கசப்பான தீர்ப்பு. ஆனாலும் அதில் பிழை சொல்ல என்னால் முடியவில்லை. கண்ணைத் திறந்துகொண்டு போட்ட கையெழுத்து.

1934இன் பத்து வீதம்

இனித் தம்பி கேட்ட சட்டத்துக்கு வருவோம். 1930களின் நடுவில் அமெரிக்காவில் போர் இலாபத்தின் மீது பெரும் வெறுப்பு எழுந்தது. வட டகோட்டா செனட்டர் ஜெரால்ட் நை தலைமையில் 1934இல் அமைந்த குழு 93 அமர்வுகளை நடத்தி இருநூறுக்கு மேற்பட்டவர்களை விசாரித்தது. வங்கியாளர் ஜே. பி. மோர்கனும் வெடிமருந்து வியாபாரி பியர் டியூபொன்ட்டும் வந்து பதில் சொன்னார்கள். போர்க் காலத்தில் ஒருவரும் வருடத்துக்கு 10,000 டொலருக்கு மேல் வருமானம் வைத்திருக்கக் கூடாது என்ற யோசனைகூட அந்தக் குழுவின் முன் வைக்கப்பட்டது. அது சட்டமாகவில்லை. குழுவும் 1936இல் அரசியல் சண்டையில் முடிந்தது.

ஆனால் அதே 1934இல் வின்சன்–டிராமல் சட்டம் வந்தது. கடற்படைக்குக் கப்பலோ விமானமோ செய்யும் ஒப்பந்தம் 10,000 டொலருக்கு மேற்பட்டால், ஒப்பந்த விலையில் 10 வீதத்துக்கு மேலான இலாபம் திறைசேரிக்குத் திருப்பப்பட வேண்டும். இந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்த ஒரு விடயம், கப்பல்களை ஒன்றுவிட்டு ஒன்று அரசாங்கத்தின் சொந்தத் துறைகளில் கட்டவேண்டும் என்ற விதி. ஷெல் தொழிற்சாலையின் அதே தத்துவம்: அடுத்த கப்பலுக்குத் தனியார் சொல்லும் விலையைச் சரிபார்க்க நமது கையில் ஒரு கணக்கு இருக்கும்.

பத்து வீதம் என்ன செய்தது? ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒப்பந்த விலை நூறு. செலவு தொண்ணூறு. இலாபம் பத்து, சட்டப்படி சரி. இப்போது ஒரு திறமையான பொறியியலாளர் புதிய முறையொன்றைக் கண்டுபிடித்துச் செலவை எண்பதாக்குகிறார். இலாபம் இருபது. பத்தைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். அந்தப் பொறியியலாளருக்கு முதலாளி என்ன சொல்வார்? "நீங்க பேசாம இருங்க." செலவு தொண்ணூறுக்கு மேல் ஏறினால் என்ன? அடுத்த ஒப்பந்தத்தில் விலையையும் ஏற்றிக் கேட்கலாம். விலை ஏறினால் பத்து வீதமும் பெருக்கும். என் மேசனின் கம்பிக் கதை, கப்பல் அளவில்.

பிறகு போர் வந்தது, எல்லையே போனது. 1940 ஜூனில் எல்லையை 8 வீதமாகக் குறைத்தார்கள். விமானக் கம்பனிகள் கையெழுத்திடத் தயங்கின. போர்ச் செயலாளர் ஹென்றி ஸ்டிம்சன் அந்த ஆகஸ்டில் தன் நாட்குறிப்பில் எழுதியதன் கருத்து, முதலாளித்துவ நாடு போருக்குப் போவதென்றால் வியாபாரிகள் காசு உழைக்க விட்டுத்தான் ஆகவேண்டும் என்பது. ஒக்டோபரில் எல்லை இடைநிறுத்தப்பட்டு, பதிலுக்கு மிகை இலாப வரி வந்தது. புதிய தொழிற்சாலைகளின் பெறுமானத்தை ஐந்தே வருடத்தில் தேய்த்து எழுதிக்கொள்ளும் சலுகையும் கூடவே கொடுக்கப்பட்டது. இளைஞர்களைக் கட்டாயமாகப் படையில் சேர்க்கும் சட்டமும் அதே செப்டெம்பரில்தான் வந்தது. அவர்களுக்கு மாதச் சம்பளம் 21 டொலர். அவர்களிடம் யாரும் தயக்கமா என்று கேட்கவில்லை.

இலாபம் செலவாக மாறுவது

1942 மார்ச்சில் பிரதிநிதிகள் சபையின் கடற்படைக் குழு முன்னால் கிளீவ்லாந்தைச் சேர்ந்த ஜாக் அன் ஹைன்ட்ஸ் என்ற கம்பனி வந்தது. விமான இயந்திரங்களை முடுக்கும் கருவி செய்பவர்கள். முதலாளியின் காரியதரிசிக்கு 1941இல் சம்பளமும் போனசுமாக 39,000 டொலருக்கு மேல் கிடைத்திருந்தது என்பது வெளிவந்தபோது நாடே கொதித்தது.

கணக்கு வாத்தியார் என்ற முறையில் நான் இந்த இடத்தில் கொஞ்சம் தங்கவேண்டும். அந்த 39,000 டொலர் இலாபம் அல்ல. கணக்கேட்டில் அது சம்பளம், அதாவது செலவு. இலாபத்துக்கு நீங்கள் எவ்வளவு இறுக்கமான எல்லை போட்டாலும் அது இந்தப் பணத்தைத் தொடாது. முதலாளியின் மகனுக்குச் சம்பளம், முதலாளியின் மச்சானுடைய கட்டடத்துக்கு வாடகை, சொந்தத் துணைக் கம்பனியிடம் வாங்கும் மூலப்பொருளுக்கு அதன் விலை, எல்லாமே செலவு. மேந்தலைச் செலவு என்று ஒன்றிருக்கிறது: மின்சாரம், காவலாளி, அலுவலகம். ஒரே தொழிற்சாலையில் படைக்கு ஒரு பொருளும் சந்தைக்கு ஒரு பொருளும் செய்தால், மேந்தலையில் எவ்வளவை எதன் தலையில் கட்டுவது? உயர்தர வகுப்பில் இதற்கு நான்கு முறை படிப்பிப்போம். நான்கிலும் நான்கு விடை வரும், நான்கும் சரி. நியாயமாக ஒன்றையும் சொல்லவேண்டும். அந்தக் கம்பனி தொழிலாளரையும் நன்றாகக் கவனித்தது, கருவியின் விலையையும் குறைத்துக்கொண்டு வந்தது. விலை குறைந்தும் இலாபம் குவிந்தது என்றால், முதலில் போட்ட விலையின் கதி என்ன என்பதுதான் கேள்வி.

அதே மாதம் தென் டகோட்டாப் பிரதிநிதி பிரான்சிஸ் கேஸ், எந்தப் போர் ஒப்பந்தத்திலும் 6 வீதத்துக்கு மேல் இலாபம் கூடாது என்று ஒரு திருத்தம் கொண்டுவந்தார். சபை ஏற்றுக்கொண்டது. போர்த் திணைக்களம் எதிர்த்தது. எதிர்த்ததில் நியாயம் இருந்தது. அரசாங்கம் கொடுத்த இயந்திரத்தை வைத்து, அரசாங்கம் கொடுத்த முற்பணத்தில், மாதாமாதம் சாமான் செய்து தள்ளுகிற கம்பனிக்கு விற்பனையில் 6 வீதம் என்பது போட்ட மூலதனத்தில் நூறு வீதத்தைத் தாண்டிப் போகலாம். தன் சொந்தக் காசைப் போட்டு மூன்று வருடம் காத்திருப்பவனுக்கு அதே 6 வீதம் பட்டினி.

1942 ஏப்ரல் 28இல் வந்த சட்டம் வீதத்தையே கைவிட்டது. அதன் பெயர் மறுபேச்சுச் சட்டம் என்று வைத்துக்கொள்வோம். முதலில் சாமானைச் செய்து கொடுங்கள், விலையைப் பற்றி நேரம் போக்கவேண்டாம். வருடம் முடிந்ததும் எல்லா ஒப்பந்தங்களையும் ஒன்றாகச் சேர்த்து, கொப்பியைத் திறந்து வைத்து, மீண்டும் பேசுவோம். நீங்கள் எவ்வளவு திறமையாக வேலை செய்தீர்கள், செலவு நியாயமா, யாருடைய மூலதனம், எவ்வளவு ஆபத்தை ஏற்றீர்கள் என்றெல்லாம் பார்த்து, மிகையானதைத் திருப்பித் தாருங்கள். சிக்கனமாகச் செய்தவனுக்குக் கூடுதலாக விடலாம், வீணாக்கியவனுக்குக் குறைக்கலாம். பல நூறு கோடி டொலர் இப்படித் திரும்பியது. பெரும்பாலானவை வழக்கில்லாமல் மேசையிலேயே முடிந்தன.

நமது வாசகர்களுக்கு இது முற்றிலும் அந்நியமான யோசனை அல்ல. முராபஹா என்ற சொல் இஸ்லாமிய வங்கிகளால் இன்று எல்லார் வாயிலும் புழங்குகிறது. வாங்கிய விலையைச் சொல்லி, அதற்கு மேல் இவ்வளவு இலாபம் என்று விற்பது. ஃபிக்ஹு நூல்கள் அதை அமானித வியாபாரத்தில் சேர்க்கின்றன, ஏனெனில் வாங்குபவருக்கு விற்பவரின் சொல்லைத் தவிர வேறு ஆதாரம் கிடையாது. ஆயிரத்துக்கு வாங்கினேன் என்று சொல்லி விற்ற பொருள் உண்மையில் எண்ணூறுக்கு வாங்கப்பட்டது என்று பின்னர் தெரியவந்தால் என்ன செய்வது? நமது மத்ரஸாக்களில் ஓதப்படும் இமாம் நவவியின் மின்ஹாஜ் காட்டும் வலுவான கருத்து, கூட்டிச் சொன்ன இருநூறும் அதற்குரிய இலாபமும் கழிக்கப்படும் என்பது. வியாபாரம் முறியாது, விலை திருத்தப்படும். இரண்டும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. அமெரிக்கச் சட்டத்தில் பொய் சொல்லாதவனும் திருப்பிக் கொடுக்கவேண்டும். அதுதான் கம்பனிகளுக்குக் கோபம்.

கையெழுத்திட்ட விலையை அரசாங்கம் பின்னால் வந்து மாற்றலாமா என்று சின்சினாட்டியைச் சேர்ந்த லிக்டர் என்ற கட்டட ஒப்பந்தகாரர் தரப்பு உயர் நீதிமன்றம் வரை போனது. 1948 ஜூனில் நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. மனிதர்களையே கட்டாயமாகப் படைக்கு எடுக்க முடியுமானால், மிகை இலாபத்தை எடுக்க முடியாதா என்பது அந்தத் தீர்ப்பில் ஓடிய தர்க்கம்.

அப்புறம் ஏன் இல்லாமல் போனது?

கொரியப் போருக்காக 1951இல் அதே முறை மீண்டும் வந்தது, தனிச் சபை ஒன்றும் அமைந்தது. ஆனால் வரவர விலக்குகள் கூடின. சந்தையில் சாதாரணமாக விற்கும் பொருளா, அதற்கு விலக்கு. சபையின் ஆள்பலம் குறைந்தது. அணு நீர்மூழ்கிகளின் தந்தை எனப்பட்ட அட்மிரல் ரிக்கோவர், ஒப்பந்தகாரர்கள் எல்லாரும் ஒரே முறையில் கிரயக் கணக்கு வைக்கவேண்டும் என்று கொங்கிரஸ் முன் திரும்பத் திரும்பச் சொன்னார். நான் மேலே சொன்ன நான்கு முறை, நான்கு விடை என்பதில் அவர் நேரே கை வைத்தார். அதனால் 1970இல் கிரயக் கணக்கீட்டு நியமங்களுக்கான சபை ஒன்று வந்தது. மறுபேச்சுச் சட்டமோ 1976இல் காலாவதியாக விடப்பட்டு, அதன் சபை 1979 மார்ச்சில் மூடப்பட்டது.

இதற்கிடையில் பிரித்தானியா தன் பாடத்தை மறந்து மறுபடி படித்தது. பிளட்ஹவுண்ட் என்ற விமான எதிர்ப்பு ஏவுகணைக்கு வழிகாட்டும் கருவிகள் செய்த பெரான்டி கம்பனி, விலையில் கணிக்கப்பட்ட இலாபத்தைவிடப் பலமடங்கு உழைத்திருந்ததைக் கணக்காய்வாளர் நாயகம் 1964இல் வெளிப்படுத்தினார். மோசடி அல்ல. கூலிச் செலவை அமைச்சு அளவுக்கு மீறி மதிப்பிட்டிருந்தது. அமைச்சின் தொழில்நுட்ப அதிகாரிகள் ஒரு பக்கம் மதிப்பீடு போட, அமைச்சின் கணக்காளர்கள் மறு பக்கம் கம்பனியின் கூலிக் கணக்கைப் பார்த்திருக்கிறார்கள். ஒருவர் கையில் இருந்ததை மற்றவர் கேட்கவில்லை. கம்பனி 4.25 மில்லியன் பவுணைத் திருப்பிக் கொடுத்தது. 1968இல் அரசாங்கமும் கைத்தொழில் தரப்பும் செய்துகொண்ட உடன்பாட்டில் வந்த முக்கியமான விடயம் ஒரு வீதம் அல்ல. விலை தீர்மானிக்கும் நேரத்தில் கம்பனிக்குத் தெரிந்தது எல்லாம் அரசாங்கத்துக்கும் தெரிந்திருக்க வேண்டும். வேலை முடிந்தபின் கணக்கைப் பார்க்கவும் உரிமை வேண்டும்.

நம்மவர் அதிகம் கேள்விப்பட்ட ஈராக் பக்கம் ஒரு பார்வை. அமெரிக்கப் படைக்குச் சாப்பாடு, தண்ணீர், எண்ணெய், தங்குமிடம் எல்லாம் கொடுத்த கே.பி.ஆர். கம்பனியின் ஒப்பந்தத்தில் இலாபக் கட்டணம் எவ்வளவு தெரியுமா? அடிப்படை 1 வீதம், வேலை நன்றாயிருந்தால் இன்னும் 2 வீதம் வரை. மூன்று வீதம்! தம்பி கேட்ட பத்தில் மூன்றில் ஒன்றுகூட இல்லை. ஆனால் அது 30 பில்லியன் டொலருக்கு மேல் வளர்ந்த செலவின் மீது. சட்டத்தின் கண்ணில் இது 1941இல் தடைசெய்த முறையும் அல்ல, ஏனெனில் கட்டணம் மதிப்பிட்ட செலவின் மேல் கணிக்கப்படுகிறது, உண்மைச் செலவின் மேல் அல்ல. மதிப்பீடு ஏறினால்? அதுதான். ஈராக், ஆப்கானிஸ்தான் போர்க்கால ஒப்பந்தங்களை ஆராய்ந்த ஆணைக்குழு 2011 ஓகஸ்டில் கொடுத்த இறுதி அறிக்கை, எல்லா ஒப்பந்தகாரர்களையும் சேர்த்து 31 முதல் 60 பில்லியன் டொலர் வரை வீண்விரயத்திலும் மோசடியிலும் போனது என்று கணித்தது. இலாபத்துக்கு எல்லை இருந்தது. செலவுக்கு இருக்கவில்லை.

கடைசியாக ஒன்று. டிரான்ஸ்டைம் என்ற கம்பனி விமான உதிரிப்பாகங்கள் விற்பது. பலவற்றை வேறு எவரும் செய்வதில்லை. 2019 பெப்ரவரியில் அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் பரிசோதகர் நாயகம், 15 வீத இலாபம் நியாயம் என்று வைத்துக்கொண்டு 47 பாகங்களைப் பார்த்தார். 46இல் மிகை இலாபம், மொத்தம் 16.1 மில்லியன் டொலர். இது எப்படி முடிந்தது? 1962இல் இருந்து அங்கே ஒரு சட்டம் இருக்கிறது: போட்டியில்லாத ஒப்பந்தத்தில் கம்பனி தன் கிரயத் தரவுகளை உண்மையாக வெளிப்படுத்த வேண்டும். ஆனால் ஒரு தொகைக்கு மேற்பட்ட ஒப்பந்தத்துக்குத்தான் அது பொருந்தும். சின்னச் சின்ன ஒப்பந்தமாக வாங்கியபோது எல்லைக்குக் கீழே நின்றது. அதிகாரிகள் கிரயத்தைக் கேட்டும் கம்பனி பெரும்பாலும் கொடுக்கவில்லை, கொடுக்கவேண்டிய கட்டாயமும் இல்லை. அந்த எல்லையையும் 2018இல் 7.5 இலட்சம் டொலரில் இருந்து 20 இலட்சமாக உயர்த்தியிருந்தார்கள். கடதாசி வேலையைக் குறைக்கிறோமாம்.

இதையெல்லாம் எழுதி முடித்து, அடுத்த கூட்டத்தில் வாசித்துக் காட்டினேன். அந்தத் தம்பி கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்தப் பதினாறு மில்லியனும் திரும்பி வந்ததா சேர்?" என்றார். வந்தது. மக்கள் சபைக் குழுவில் பகிரங்கமாகக் கேள்வி கேட்ட பிறகு கம்பனி கொடுத்தது. 2021 டிசம்பரில் அதே பரிசோதகர் நாயகம் அதே கம்பனியின் இன்னும் நூற்றுச் சொச்சம் பாகங்களைப் பார்த்து, 20.8 மில்லியன் டொலர் மிகை என்றார். இம்முறை கம்பனி அந்தக் கணிப்பை ஏற்கவில்லை. அறிக்கையை எடுத்துப் பார்த்தால், பரிசோதகர் நாயகத்தால் அதிகபட்சமாகச் செய்ய முடிந்தது, 'விரும்பினால் திருப்பித் தாருங்கள்' என்று கேட்கும்படி பரிந்துரைத்ததுதான். வாங்கியே தீரவேண்டும் என்று சொல்லக்கூடிய சபையைத்தான் 1979இல் பூட்டிவிட்டார்களே.